தடித்த ஷாஃப்ட் கரிசலுக்கு மருந்தல்ல

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை, அங்கிருந்து பொள்ளாச்சி வரை, எந்த டிராக்டர் உதிரிபாகக் கடையில் ஏறிக் கேட்டாலும் யோசனை ஒன்றுதான். ரொட்டவேட்டர் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டதா? "அடுத்த சைஸ் போட்டுக்கோங்கண்ணா, கரிசலுக்கு இந்தக் கனம் பத்தாது." ஷியர் போல்ட் அறுந்துகொண்டே இருக்கிறதா? "ஹை டென்சைல் போடுங்க, இனி அந்தப் பேச்சே இருக்காது." கடைக்காரர் மட்டுமல்ல, டிரைவரும் வண்டி முதலாளியும் லேத் பட்டறைக்காரரும் வாடகைக்கு உழவு பிடிக்கும் தோட்டத்துக்காரரும் இதையேதான் சொல்கிறார்கள். களிமண் முரட்டு மண், முரட்டு மண்ணுக்கு முரட்டு இரும்பு என்பது கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது.

அது தவறு. விவரம் போதாததால் வந்த சின்னத் தவறாக இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் கியர் பாக்ஸையும் பெயரிங்கையும் சில நேரம் ஆளையும் காவு கேட்கிற தவறு இது. ஷாஃப்டைத் தடிமனாக்குவதால் முறிவு நிற்பதில்லை. விலை குறைந்த இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்குப் போகிறது.

முதலில் மண். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் கேரளத்தின் மற்ற நிலத்தோடு சேராத நிலம். வெட்டுக்கல் மண்ணும் அமிலத்தன்மையுமாக இருக்கிற மாநிலத்தில், பருத்தி விளையும் கரிசல் கிடப்பது இங்கேதான். பாலக்காட்டுக் கணவாயின் மழை மறைவில் காரத்தன்மையோடு இருக்கும் மண். எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி என்று ஊர்ப்பெயர்கள் தமிழாக இருப்பதுபோல மண்ணும் கோவைப் பக்கத்து மண்ணாகவே இருக்கிறது. இதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமக் கனிமம் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதனால் உழவுக்கு ஏற்ற பதம் சில நாட்களுக்கே நிற்கும். அதற்கு முன்னால் போனால் கத்தியில் அப்பிக்கொள்ளும். பிந்திப் போனால் கல்லுக்கு நிகரான கட்டி. செம்மண்ணில் ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. கரிசலில் நான்கு நாள் தள்ளினால் அது வேறு மண்.

இந்த மண்ணில் ஷாஃப்டுக்கு வேலை கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. கடினத்துக்கு விடை தடிமன் என்பதைத்தான் மறுக்கிறேன்.

45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது ஏறத்தாழ 38 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 540 சுழற்சியில் அது சுமார் 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 50 கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு. பி.டி.ஓ.வையும் ரொட்டவேட்டரையும் இணைக்க, கம்பெனியிலிருந்து கூடவே வருகிற ஷாஃப்ட் இதைத் தாராளமாகத் தாங்கும். அதற்காகத்தான் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க உழுதால்கூட இந்தச் சுமையில் அது முறியாது. முறிவது வேறொரு கணத்தில். காய்ந்த கட்டியோ பழைய தென்னை வேரோ கத்தியைப் பிடித்து நிறுத்துகிறது. ரோட்டர் நின்றுவிட்டது. ஆனால் டிராக்டருக்குள் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அத்தனை கனத்தின் ஓட்டமும் ஒரு நொடிக்குள் எங்காவது இறங்கியாக வேண்டும். அப்போது எழும் முறுக்கு சாதாரணச் சுமையைப்போலப் பல மடங்கு. ஷாஃப்ட் அதை உண்டாக்குவதுமில்லை, விழுங்குவதுமில்லை; ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான்.

தடிமனைக் கூட்டினால் என்ன ஆகிறது? கெட்டித் தண்டின் விட்டம் 10 சதவீதம் கூடினால் முறுக்கைத் தாங்கும் வலு 33 சதவீதம் கூடும். இதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அதே 10 சதவீதத்தில் விறைப்பு 46 சதவீதம் கூடுவதை யாரும் சொல்வதில்லை. மெலிந்த தண்டு அந்த ஒரு கணம் கொஞ்சம் முறுகி, அடியின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும். விறைத்த தண்டு அடியை அப்படியே அந்தப் பக்கம் அனுப்பும். அந்தப் பக்கம் இருப்பது ரொட்டவேட்டர் கியர் பாக்ஸின் கிரவுன் பினியன். இந்தப் பக்கம் இருப்பது டிராக்டரின் பி.டி.ஓ. ஸ்ப்லைன், 35 மில்லிமீட்டர் விட்டத்தில் ஆறு பற்கள். ஷாஃப்டை மாற்றலாம், ஸ்ப்லைன் தேய்ந்து பல் சாய்ந்தால் டிராக்டரின் பின்பக்கத்தைப் பிரிக்க வேண்டும். ஷாஃப்டைத் தடிமனாக்கினோம், ஆறு பற்களைத் தடிமனாக்கவில்லையே.

இதற்காகத்தான் ஷியர் போல்ட். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தே தீரும் என்றால் எது அறுவது என்று முன்கூட்டியே தீர்மானித்து, விலை மலிவான, மாற்றச் சுலபமான கண்ணியை அறுபட வைக்கிற ஏற்பாடு அது. வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைத்தவர் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வயலில் அதையேதான் செய்கிறோம். போல்ட்டின் தலையில் 4.6, 8.8, 12.9 என்று எண் பொறித்திருக்கும். 4.6 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் இழுவைத் தாங்குதிறன், 8.8 என்றால் 800, 12.9 என்றால் 1,200. டூல் பாக்ஸில் எப்போதும் கிடக்கிற அலன் போல்ட் பெரும்பாலும் 12.9. கையேடு 8.8 கேட்கும் இடத்தில் அதைத் திணித்தால் அறுபடும் எல்லை ஒன்றரை மடங்கு ஏறுகிறது. 4.6 கேட்கும் இடத்தில் திணித்தால் மூன்று மடங்கு. அந்த நிமிஷத்திலிருந்து அந்த வண்டியில் ஷியர் போல்ட் இல்லை. ஷியர் போல்ட் இருக்கவேண்டிய துளையில் ஏதோ ஒரு போல்ட் இருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது லேசான வாதமுமல்ல. வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. ஈரப்பதம் நிற்பது நாலு நாள். வரிசையில் பத்துத் தோட்டக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை போல்ட் அறும்போதும் இறங்கி, அறுந்த துண்டைத் தட்டி எடுத்து, துளையை நேராக்கி, புதிதைப் போட்டு ஏறுவதற்குள் பொழுது போகிறது. டிரைவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் போல்ட் அடிக்கடி அறுகிறது என்றால் அது எதையோ சொல்கிறது. அந்தச் சேதியைக் கேட்காமல் வாயை அடைப்பதுதான் நாம் செய்வது. கத்தி தேய்ந்திருக்கலாம்; தேய்ந்த கத்தி மண்ணை வெட்டுவதில்லை, அடிக்கிறது. முதல் ஓட்டத்திலேயே முழு ஆழம் இறக்கியிருக்கலாம். காய்ந்த கரிசலில் கல்டிவேட்டரை ஒரு முறை ஓட்டிவிட்டு ரொட்டவேட்டர் இறக்கினால் பாதிக் கட்டி முன்பே உடைந்திருக்கும். போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, உள்ளே போல்ட் ஆடி ஆடி, சுமையால் அல்லாமல் சோர்வால் அறுந்திருக்கலாம். அறுந்த துண்டின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரே வெட்டாக வழவழவென்று இருந்தால் அதிக முறுக்கு. ஓரத்தில் பளபளப்பாகத் தேய்ந்து, நடுவில் மட்டும் சொரசொரப்பாக முறிந்திருந்தால் துளைதான் குற்றவாளி. இந்தத் துண்டைப் பார்க்காமலே வரப்போரம் வீசிவிட்டு அலன் போல்ட்டைத் தேடுகிறோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அலன் போல்ட் போடத் தீர்மானிப்பவர் ஒருவர், கிரவுன் பினியனுக்குப் பணம் கட்டுபவர் இன்னொருவர். டிரைவருக்கு இன்றைய மணிக்கணக்கு. முதலாளிக்கு அடுத்த மாதத்துப் பட்டறைச் சீட்டு. இடையில் நாட்கள் ஓடிவிடுவதால் இரண்டையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. கியர் பாக்ஸ் போனதற்குக் கம்பெனியைத் திட்டிவிட்டு, அடுத்த ஷாஃப்டை இன்னும் தடிமனாக வாங்குகிறார்கள்.

நேரம்தான் பிரச்சினை என்றால் அதற்கு ஸ்லிப் கிளச் வைத்த ஷாஃப்ட் இருக்கிறது. உராய்வுத் தகடுகளை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். எல்லை மீறினால் வழுக்கும், அடைப்பு விலகினால் தானே பிடித்துக்கொள்ளும், இறங்க வேண்டியதில்லை. விலை கூடுதல். கரிசலுக்குக் கூடுதல் பணம் செலவழிக்க ஆசைப்படுபவர்கள் தடிமனுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம். ஆனால் இதையும் நாம் கெடுத்து வைத்திருக்கிறோம். மழைக்காலம் முழுக்கச் சாளையோரத்தில் நனைந்து கிடந்த கிளச்சில் தகடுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அது வெறும் இரும்புக் கட்டி. பருவம் தொடங்கும் முன் நட்டுகளைத் தளர்த்தி, சில நொடிகள் வழுக்கவிட்டு, தகடுகளைப் பிரித்து, கையேட்டில் சொன்ன ஸ்பிரிங் நீளத்துக்குத் திரும்ப முறுக்க வேண்டும். "கெட்டியா இருக்கட்டும்" என்று நட்டைக் கடைசிவரை இறுக்கினால் அலன் போல்ட் போட்டதற்கும் இதற்கும் பேதமில்லை.

இப்போது உண்மையான கொலையாளிக்கு வருகிறேன்: கோணம். எங்கள் எல்லைப் பக்கத்தில் நிலங்கள் பாகம் பிரிந்து பிரிந்து சிறுத்தவை. ஏக்கர் கணக்கில் நேராக ஓட்டுகிற நிலமில்லை. ஓட்டம் தொடங்கியதுமே வரப்பு வந்துவிடும், திரும்ப வேண்டும். திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமல், சுற்றுகிற ரொட்டவேட்டரை அப்படியே தூக்கித் திருப்புவது இங்கே வழக்கம். கிராஸ் வைத்த மூட்டு கோணத்தில் சுற்றும்போது சீராகச் சுற்றாது. இது அந்த மூட்டின் பிறவிக் குணம், 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் காலத்திலேயே தெரிந்த விஷயம். கோணம் 15 டிகிரி என்றால், 540இல் சுழல வேண்டிய நடுத்தண்டு ஒவ்வொரு சுற்றிலும் 522க்கும் 559க்கும் இடையில் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். 30 டிகிரி என்றால் 468க்கும் 624க்கும் இடையில். சுற்றுக்கு இரண்டு முறை. அதாவது நொடிக்கு 18 முறை தண்டு முடுக்கப்பட்டு, இழுத்து நிறுத்தப்படுகிறது. தண்டு எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு இந்த அடி பெரிது. தடித்த ஷாஃப்ட் இங்கே மருந்தாக இல்லாதது மட்டுமல்ல, நோயை வளர்க்கவும் செய்கிறது. இதைத்தான் கடைகளில் ஒருவரும் சொல்வதில்லை.

மறுமுனையின் கிராஸ் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும், இரண்டு நிபந்தனைகளின் பேரில். இரு முனைக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். நடுத்தண்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் யோக்குகளின் காதுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சதுரக் குழாய் ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது 90 டிகிரி மாற்றிச் சொருகிவிட முடியும். அப்படிச் சொருகினால் சமன் செய்வதற்குப் பதில் இரண்டாவது மூட்டு அதைப் பெருக்கும். 15 டிகிரியிலேயே வேக மாற்றம் மேலும் கீழும் 7 சதவீதத்தைத் தொடும். சித்திரை வெயிலில் அவசரமாக மாட்டிக்கொண்டு போன ஷாஃப்டில் "வண்டி அதிருது, ஷாஃப்ட் வீக்கு" என்று சொல்வதைக் கேட்டால், முதலில் காதுகளைப் பாருங்கள். வெளிக்குழாயையும் உள்குழாயையும் பிரித்து ஒரு கால் சுற்றுத் திருப்பிச் சொருக நேரமாகாது, காசும் ஆகாது.

அடுத்தது நீளம். ரொட்டவேட்டருக்கு வாங்கிய ஷாஃப்டையே நிலக்கடலை பிடுங்கும் கருவிக்கும் மாட்டுகிறார்கள். கருவிக்குக் கருவி தூரம் வேறு. வேலை செய்யும் நிலையில் உள்குழாயும் வெளிக்குழாயும் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நுனியில் மட்டும் பிடித்திருக்கும் குழாய் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வாய் விரிந்து முறுக்கிக்கொள்ளும். மாறாக நீளம் அதிகமானால், கருவியைத் தூக்கும்போது குழாய் அடிமுட்டி, டிராக்டரையும் கியர் பாக்ஸையும் நெம்பும். பெரிய சைஸ் ஷாஃப்டைக் கடையில் கிடைத்த நீளத்திலேயே வாங்கி வந்து மாட்டுகிறவர்களின் கியர் பாக்ஸ் ஆயில் சீல் ஏன் நிற்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். கருவியை மேலும் கீழும் இறக்கிப் பார்த்து, மிகக் குறுகிய நிலையை அளந்து, உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் காவல் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில் அறுத்து, அறுத்த ஓரத்தை அரத்தால் மழுக்கி, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். குழாய்க்குள் கிரீஸ் என்றதும் வியப்பவர்கள் உண்டு. கிராஸின் நிப்பிளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 500 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுகியிருக்கும் உலர்ந்த குழாய் நீள மறுத்தால், இருநூறு முந்நூறு கிலோ அழுத்தம் நேராக பெயரிங்குகளின் மேல் விழும். கரிசல் தூசி அதற்குள் போய் உறைந்தால் இன்னும் அதிகம்.

இனி உருளைக்கிழங்கு. வட்டவடை, கோவிலூர், காந்தலூர் மலைப்பக்கம் ஆள் கிடைப்பது குறைந்து வருவதால் கிழங்கு தோண்டும் இயந்திரம் பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது. எழும்போதெல்லாம் சமவெளியிலிருந்து அதே உபதேசம் மலையேறுகிறது: ஈரக் களியாயிற்றே, ஷாஃப்டைப் பெரிதாகப் போடுங்கள். இதைச் சொல்பவர்கள் அந்த இயந்திரத்தின் வேலையைப் பார்க்காதவர்கள். ரொட்டவேட்டரில் மண்ணை வெட்டுகிற சுமை முழுக்க ஷாஃப்ட் வழியாகப் போகிறது. கிழங்கு தோண்டும் டிக்கரில் அப்படியில்லை. பாரின் அடியில் நுழையும் கொழுவை இழுப்பது டிராக்டரின் சக்கரம். ஷாஃப்ட் சுற்றுவது, கிழங்கும் மண்ணுமாக மேலே ஏறும் கம்பிச் சங்கிலியை மட்டும். 60 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம், மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்று கணக்கிட்டால் ஒரு பாருக்கு நொடிக்கு எழுபது கிலோ சொச்சம் மண் ஏறுகிறது. 75 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் உயர்த்துவதுதான் ஒரு குதிரைத்திறன். உராய்வையும் குலுக்கலையும் சேர்த்து அதைப் பல மடங்காக்கினாலும், 38 குதிரைத்திறனுக்கான ஷாஃப்ட் திணற வேண்டிய சுமையில்லை. அங்கே ஷாஃப்ட் முறிந்தால் அது சுமையால் முறியவில்லை. கட்டியோ கல்லோ காய்ந்த கொடியோ சங்கிலியில் சிக்கிய கணத்தில் முறிந்தது. அதற்கு விடை வழுக்கும் கிளச்.

அதைவிடப் பெரிய விடை கிழங்கு தோண்டும் நாளில் இல்லவே இல்லை. நெதர்லாந்தில் கடலிலிருந்து மீட்டெடுத்த நிலங்களின் கனத்த களிமண்ணில் உருளைக்கிழங்கு பெருமளவில் விளைகிறது. அங்கே கட்டியை உடைக்கிற வேலை நடவு நேரத்திலேயே, பார் அணைக்கும்போது முடிந்துவிடுகிறது. அறுவடைக்குப் பாரில் பொலபொலத்த மண்தான் இருக்கும். பொலபொலத்த மண் சங்கிலியின் முதல் சில அடிகளிலேயே உதிர்ந்துவிடும். ஈரக் களி விரித்த பாய்போலக் கடைசிவரை ஏறும். வட்டவடையின் படிக்கட்டு வயலில் பெரிய இயந்திரம் திரும்பக்கூட இடமில்லை; அங்கே இன்னும் கைக்கொத்துதான் கிழங்கைத் தோண்டுகிறது. இயந்திரம் வருமானால் சிறிய டிராக்டரோடு ஒற்றைப் பார் டிக்கராகத்தான் வரும். அந்தச் சின்ன வண்டியின் பின்னால் பெரிய ஷாஃப்டை மாட்டச் சொல்வது, முதலில் முறியப்போவது வண்டியாக இருக்கட்டும் என்று சொல்வதுதான்.

காவல் குழாயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. தடிமன்வாதம் பேசுகிற இடங்களில் எல்லாம் ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறை கழற்றப்பட்டுக் கிடக்கிறது. பெரிய சைஸ் கிராஸ் போட்டால் பழைய உறை சேராது, கிரீஸ் அடிக்கக் கை போகாது, களிமண் அடைகிறது. இப்படி மூன்று காரணம் சொல்வார்கள். 540 சுழற்சி என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் ஒரு நொடியில் இரண்டு மீட்டர் துணி சுற்றிக்கொள்ளும். கையை உதறிக்கொள்ள மனிதனுக்கு அந்த நேரம் போதாது. 1983ஆம் ஆண்டின் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கதிரடிக்கும் இயந்திரத்தை மனத்தில் வைத்து வந்தது. டிராக்டரின் பின்னால் அம்மணமாகச் சுற்றுகிற ஷாஃப்டை வயலில் வந்து பார்க்க யாருமில்லை. கடைக்காரரும் முதலாளியும்தான் அங்கே சட்டம். கிரீஸ் அடிக்கத் திறப்பு வைத்த உறைகள் கிடைக்கின்றன. உறை சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் சங்கிலியை டிராக்டரில் மாட்ட அரை நிமிஷம் போதும். உறை சேராத சைஸை வாங்காதீர்கள். அந்த ஒரு காரணமே பெரிய சைஸை மறுக்கப் போதுமானது.

மானியத்தில் கருவி வாங்கும்போது ஷாஃப்ட் கூடவே வந்துவிடுகிறது. நாம் தேர்ந்தெடுப்பது அது முதல் முறை கெட்ட பிறகுதான். அந்த நேரத்தில் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது "எது கனம்?" என்பதல்ல. என் டிராக்டரின் பி.டி.ஓ. திறன் இவ்வளவு, கருவி இது, தூக்கிய நிலையிலும் இறக்கிய நிலையிலும் தூரம் இவ்வளவு. இதற்கு 540 சுழற்சியில் பொருந்துவது எது, பாதுகாப்பு ஷியர் போல்ட்டா கிளச்சா என்று கேட்க வேண்டும். கருவிகளை வாடகைக்கு விடும் மையங்கள் ஒவ்வொரு ரொட்டவேட்டரோடும் கையேடு சொல்லும் தரத்திலான ஷியர் போல்ட் ஒரு டஜனை டப்பாவில் போட்டு டிரைவர் கையில் கொடுத்தனுப்பட்டும். திரும்பி வரும்போது அறுந்த துண்டுகளை எண்ணி வாங்கட்டும்.